வெள்ளணுவின் கையில் கரி

கண்ணு,

நீ கண்டதை எழுதாமல் விட்டாய். தப்பு அதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போன ஆனியில் நம் எடப்புளி நாட்டு மலையூர் ஜனங்களின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தவன் நீ. அதில் மலைக்காய்ச்சல் வந்துபோன அடையாளத்தைக் கண்டவன் நீ. கண்டும், இவ்வூரில் காய்ச்சல் இல்லை என்று உன் பெரிய டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவனும் நீ. அந்தத் தலையாட்டலினால் நமக்கு வரவேண்டிய காய்ச்சல் மருந்தான கொயினாப் பெட்டி வரவில்லை. பெட்டி வராததால் ஐப்பசியில் உன் அக்கா பாவாயியின் வயிற்றுப் பிள்ளை நிலைக்கவில்லை. இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மழையும் மறுபடியும் வரப்போகிறது. நீயோ வைகாசி கடைசியில் பட்டாளத்து ஆஸ்பத்திரியோடு பர்மா எல்லைக்குப் போகிறாய். நீ ரயில் ஏறிவிட்டால், கண்டதைச் சொல்ல இந்த ஜில்லாவில் வேறு ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். ஒட்டி அனுப்பியவற்றுக்கெல்லாம் "பார்க்கலாமுங்கப்பா" என்று நீ ஒரே வரிதான் எழுதினாய். அதனால் இதைச் சேந்தமங்கலத்தில் ராவுத்தர் கடையில் நாலு பேர் கேட்க வாசித்துவிட்டுத் தபாலில் போடுவேன். இன்னொரு பிரதி பத்திரிகைக்குப் போகும், போட்டால் போடட்டும். நம் மிளகை வாங்கும் ராவுத்தரை உனக்குத் தெரியும். சாமான் மடிக்க அவர் வைத்திருந்த பழைய தாள்களில் விரலை வைத்துத்தான் நான் எழுத்துக் கற்றேன், அதுவும் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. அவர் சொல்கிறார்: "மலையாரே, பெத்த மகனைச் சந்தியில இழுக்கறீங்களே, கொஞ்சம் ஆறப்போடுங்க." நான் சொன்னேன்: "ஆறப்போட்டா மழை வந்துரும் பாய்." அவர் மைக்கூட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். இதைக் கேட்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாதே. உனக்குமே முழுதும் தெரிந்திருந்தால் நான் எழுத வேண்டியிருக்காது.

கோடை மழை நின்றால் நம் நாட்டில் காய்ச்சல் ஆரம்பிக்கும். ஐப்பசி அடைமழையில் உச்சத்துக்குப் போகும். கம்பளியைப் போர்த்தி மேலே இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கினாலும் நிற்காத நடுக்கம் அது. சேந்தமங்கலம் சந்தையில் நம்மைக் கண்டால், "காய்ச்சல் நாட்டான் வாரான், தள்ளி நில்லு" என்பார்கள். கொசு கடித்து வருகிற காய்ச்சல் தொட்டால் ஒட்டாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? பக்கத்து நாட்டில் பெண் கேட்டுப் போனால், "உங்க ஊட்டுத் தண்ணி எங்க புள்ளைக்கு ஆகாதுங்க" என்று வெற்றிலைத் தட்டைத் திருப்பி வைப்பார்கள். இந்த அவமானத்தைச் சுமந்துகொண்டிருந்த ஜனங்களிடம்தான் ஒரு சந்தை நாளன்று சேதி வந்தது: சர்க்கார் டாக்டர் வருகிறார், ஆளுக்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக் கீழே கொண்டுபோய் வைப்பார், அதைப் பார்த்துத்தான் எந்த ஊருக்குக் கொயினாப் பெட்டி என்று முடிவு செய்வார்கள். சண்டை வந்ததிலிருந்து தபாலாபீசில் கொயினாப் பொட்டலம் விற்பது நின்றுபோனது. இனி சர்க்கார் பெட்டி ஒன்றுதான் வழி.

சேதியின் முன்பாதி மட்டும் உன் தாய்மாமன் காதில் ஏறியது. அவர்தானே ஊர்க்கவுண்டர். கோயிலுக்குக் கீழே பலாமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்தார். "மொளகு எறக்கறப்ப என்ன பண்றோம்?" என்று கேட்டார். "பொடைச்சு, கல்லு மண்ணு பொறுக்கி, நல்ல மணியாத்தானே எறக்கறோம்? இப்ப நம்ம நாட்டு ரத்தம் மலையெறங்குது. தூசியும் துரும்புமா அனுப்பினா நாளைக்கு எவன் நமக்குப் பொண்ணு குடுப்பான்?"

கேட்ட எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் ஜனங்களின் வழக்கம் உனக்குத் தெரியும். நடுக்கம் நின்ற அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை மூங்கில் குழாயில் போட்டுக் கூரை எறவானத்தில் செருகி, அடுத்த காய்ச்சலுக்கு என்று காப்பார்கள். அப்படி வீட்டுக்கு வீடு இருந்த மிச்சமெல்லாம் அன்று இறங்கியது. சந்தை நாளிலிருந்து முகாம் நாள் வரை காலையும் மாலையும் ஊரே கொயினா விழுங்கியது. கொயினா மிஞ்சிக் காது அடைத்து, உள்ளே வண்டு பாடுகிறது என்று சொல்லிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டு திரிந்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டி உடம்பைச் சுத்தம் செய்வார்களே, அந்தச் சிரத்தையோடு செய்தார்கள். ஊசிக்குப் பயந்த தாய்மார்கள் பிள்ளைகளை மேல்காட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். அதனால் உன் டாக்டருக்கு வயிற்றைத் தடவி, இந்தக் காய்ச்சலின் இன்னொரு அடையாளமான மண்ணீரல் வீக்கம் பார்க்கவும் பிள்ளைகள் கிடைக்கவில்லை.

நான் விழுங்கவில்லை. உன் மாமன் வீடு தேடி வந்தார்.

"என்ன மாப்ள, இன்னும் முழுங்கலியாமே?"

"காச்சல் வந்தா முழுங்குவேன் மச்சான். நீங்க சொன்னீங்கன்னு முழுங்கமாட்டேன்."

"ஊரே கசப்பைத் திங்குது, உங்க நாக்கு மட்டும் தங்கமா?"

"ஊரு காதடைச்சுக் கிடக்குது. ஒருத்தனுக்காவது காது கேக்கட்டும்."

உன் அம்மா உள்ளேயிருந்து, "ஏனுங்க, எங்கண்ணன் சொன்னா நீங்க கஞ்சி குடிக்கறதையும் விட்டுருவீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். காரணம் தெரிந்து மறுத்தேன் என்று நான் பெருமையடிக்கவில்லை. அவர் சொன்னால் நான் செய்யமாட்டேன், அவ்வளவுதான்; அது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடக்கிற வழக்கு.

பிறகு நீ உன் டாக்டருக்கு உதவியாளாக மலையேறி வந்தாய். சட்டையும் கால்சட்டையுமாக உன்னைப் பார்த்து ஊரே பூரித்தது. உன் மாமன் முதல் ஆளாக விரலை நீட்டினார். வரிசையாக எல்லோரும் நீட்டினார்கள். நீ குத்தினாய், தடவினாய், சாயம் ஊற்றினாய், ஆறவைத்தாய், குழாயில் கண் வைத்துப் பார்த்தாய். ஒவ்வொரு சில்லுக்கும், "கிருமி இல்லீங்க, கிருமி இல்லீங்க" என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்குத்தான் ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இருக்குதுங்க" என்றாய்.

டாக்டர் நிமிர்ந்தார். "இவர் அடிக்கடி கீழே போகிறவரா?"

எனக்கு முன்னால் உன் மாமன் பதில் சொன்னார்: "ஆமாங்க சாமி, மொளகு மூட்டையோட புளியஞ்சோலைப் பக்கம் போயி ரெண்டு நாள் தங்கிட்டு வருவாருங்க."

"அப்படியானால் அங்கே பிடித்துக்கொண்டது. காய்ச்சல் புளியஞ்சோலையில் இருக்கிறது."

முடிந்தது கதை. பெட்டி புளியஞ்சோலைக்குப் போயிற்று. கிருமியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே காட்டிய ஒரே இரத்தம் என்னுடையது. அதை வைத்தே எங்கள் பெட்டியை எங்களிடமிருந்து பிடுங்கினார்கள். அன்று சாயங்காலம் உன் மாமன் என் தோளில் கை போட்டு, "நாட்டுலயே அழுக்கு ரத்தம் உங்களுதுதான் மாப்ள, கவலைப்படாதீங்க, வெளிய சொல்லமாட்டோம்" என்றார். ஊரே சிரித்தது. இன்றுவரை சிரிக்கிறது.

நீ சாமான்களைக் கட்டுவதற்கு முன்னால், "ஒருக்கா நானும் பாக்கறேன்" என்று கேட்டேன். நீ மறுக்கவில்லை, அந்த நன்றி எனக்கு உண்டு. குழாயில் கண் வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. நீ ஒரு திருகைத் திருப்பினாய். வெளிறின சிவப்பில் வட்டவட்டமாக, பரப்பிக் காயவைத்த மிளகு போல, எண்ணி மாளாதவை தெரிந்தன. நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோது நடுவில் ஒன்று, பெரியது, நாவல் பழத்தைப் பிதுக்கியதுபோன்ற நிறத்தில் இருந்தது.

"இது என்ன?"

"வெள்ளணுங்கப்பா."

"வெள்ளைன்னு பேரு வச்சுட்டு ஊதாவா இருக்குது?"

"அது சாயம் ஏத்தினதுங்க. உசிரோட இருக்கறப்ப நெறமே கெடையாது. ரத்தத்தோட ஓடும், தேவைன்னா ரத்தக்குழாய்ச் சுவத்தைப் பிதுக்கிட்டு வெளிய வரும், ஊர்ந்து போயி கிருமியை அப்படியே சுத்தி வளைச்சு முழுங்கும்."

"கையில்லாமயா?"

"ஒடம்பையே கையா நீட்டுமுங்க."

எனக்கு உன் காலில் முள் ஏறிய வருஷம் ஞாபகம் வந்தது. நீ சிறு பையன். குதிகாலில் இலந்தை முள் ஒடிந்து உள்ளே தங்கிச் சீழ் வைத்துவிட்டது. நான் உன்னை மடியில் போட்டு அமுக்கிப் பிழிந்து, "சீ, நாறப்பய அழுக்கு" என்று அந்தச் சீழைத் திட்டித் திட்டித் துடைத்தெறிந்தேன். நீ வைத்தியம் படிக்கப் போய் முதல் லீவில் வந்தபோது, எப்படியோ அந்தப் பேச்சு வந்தது. "அது அழுக்கு இல்லீங்கப்பா, கிருமியை முழுங்கிட்டு அங்கயே செத்துப்போன வெள்ளணுதான் சீழு" என்றாய். அதிலிருந்து நான் எந்தப் புண்ணையும் திட்டுவதில்லை. பிறகு ராவுத்தரின் பழந்தாள் கட்டில் அட்டை போன உடல்நூல் ஒன்று கிடைத்தது. அதில் வெள்ளணுக்களைப் போர்வீரர்கள் என்று எழுதியிருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. உனக்கும் அதை எழுதினேன்; நீ பதில் போடவில்லை. போர்வீரனுக்குத் தளபதி வேண்டும், சம்பளம் வேண்டும், உத்தரவு வேண்டும். இவற்றுக்கு யார் உத்தரவு போடுகிறார்கள்? கூரையில் தீப்பிடித்தால் நம் ஊர்ப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே குடத்தோடு ஓடிவருவார்களே, அந்த மாதிரிதான் இவை ஓடுகின்றன. புகை எட்டினால் போதும்.

மறுநாள் சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ மலையிறங்கினாய். நானும் மிளகு மூட்டையோடு கூட வந்தேன். டாக்டர் முன்னால் போய்விட்டார். பாதி வழியில் ஓடையில் தண்ணீர் குடிக்க நின்றோம். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அப்பா, ஊருல எல்லாரும் கொயினா தின்னிருக்காங்க போல. சிவப்பணுவுல கிருமி இல்ல. ஆனா வெள்ளணுவுக்குள்ள கரி இருக்குதுங்க."

அது என்ன கரி என்று கேட்டேன். நீ விளக்கினாய். மலைக்காய்ச்சல் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைந்து அதைத் தின்கிறது. தின்ற மிச்சம் கறுப்புப் பொடியாகத் தங்குகிறது. சிவப்பணு வெடிக்கும்போது அந்தப் பொடி இரத்தத்தில் சிதறுகிறது. அதை வெள்ளணுக்கள்தான் விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. கொயினா கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் வெள்ளணு விழுங்கிய கரி சீக்கிரத்தில் கரையாது. கிருமி போனபிறகும் பல நாளைக்கு அதன் வயிற்றில் கறுப்பு மணிமணியாக இருக்கும். "நம்ம கவுண்டர் மாமன் ரத்தத்துல இருக்குது. அக்கா ரத்தத்துலயும் இருக்குது. பாதிப் பேருக்குமேல இருக்குமுங்க" என்றாய்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னனுங்க. கிருமி உண்டா இல்லையான்னு மட்டுந்தான் கேட்டிருக்குது, வெள்ளணு வயித்துல என்ன இருக்குதுன்னு கேக்கலைன்னு சொல்லிட்டாருங்க."

"நீ விட்டுட்டியா?"

"நான் சின்ன ஆளுங்கப்பா. மலைக்காரப் பையன் தன் ஊருக்காகப் பேசறான்னு சொல்லிருவாங்க."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை. உன் ஊருக்காக நீ பேசக் கூடாது, வேறு யாருக்கும் உன் ஊர் தெரியாது என்றால், பேசப்போவது யார்? பலாமரமா?

நம் பக்கத்து வீடு எரிந்தது உனக்கு மறந்திருக்காது. எரிந்த வீட்டின்மேல் மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஊரே கூடிப் புதுக்கூரை போட்டுவிட வேண்டும், வெறும் சுவரை வானம் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். அப்படியே போட்டோம். அதற்கும் அடுத்த நாள் காட்டிலாகாக்காரர் வந்தார். தீப்பட்ட வீட்டுக்கு மூங்கில் வெட்டிக்கொள்ள அனுமதி உண்டல்லவா, அதற்காக. வந்து பார்த்தவர், "கூரை புதுசா இருக்குதே, தீயெங்கே பிடிச்சுது? பொய் சொல்லி மூங்கில் வெட்டறீங்களா?" என்று அதட்டினார். நான்தான் சொன்னேன்: "கூரையைப் பாக்காதீங்க சாமி, கையைப் பாருங்க." தீயணைத்த பெண்கள் அத்தனை பேரும் கைகளை நீட்டினார்கள். ரேகைக்குள் கரி, நகக்கண்ணில் கரி, எத்தனை கழுவியும் போகாத கரி. அவர்களுக்கு நடுவில், அணைக்கிறேன் என்று ஓடிவந்து உதை வாங்கிய நீயும், உன் குட்டிக் கைகளை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாய். அந்த ஆள் குனிந்து உன் கையைப் பார்த்தார். அனுமதி கொடுத்தார்.

படிக்காத காட்டுக் காவல்காரர் கையைப் பார்த்தார். பட்டம் படித்த டாக்டர் பார்க்கவில்லை. அது போகட்டும், அவர் நம் வழக்கம் அறியாதவர். கையை நீட்டிய பையன் நீ. வெள்ளணு கையை விரித்துக் காட்டியபோது, கூரை புதிதாக இருக்கிறது என்று ஒத்துப்போக உனக்கு எப்படி மனம் வந்தது?

பிறகு நடந்ததை உன் அம்மா உனக்குச் சுருக்கமாக எழுதச் சொன்னாள். அவள் மனம் இளகியவள். நான் சுருக்கமாட்டேன். மழை வந்தது. எறவானத்து மூங்கில் குழாய்கள் எல்லாம் காலி; நம் வீட்டிலும் உன் அம்மா விழுங்கியதுபோக ஒன்றும் மிஞ்சவில்லை. சுத்தமான இரத்தம் காட்டுவதற்காக ஊர் தன் மருந்தையெல்லாம் முகாமிலேயே தின்று தீர்த்திருந்தது. பெட்டி புளியஞ்சோலையில் இருந்தது. நடுங்குகிறவன் அந்த இறக்கத்தில் இறங்கி, மருந்து வாங்கி, மறுபடி ஏறிவர முடியுமா? அடைமழையில் ஓடை மறித்துக்கொண்டால் நல்ல உடம்புக்காரனே போகமுடியாது. பாவாயிக்கு வந்தபோது நான் போனேன். ஓடை குறைய ஒரு பகல் கரையில் காத்துக்கிடந்தேன். பெட்டி வைத்திருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால், "உங்க ஊரு இந்தப் பெட்டியில சேராதுங்களே" என்று தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது பிள்ளை போயிருந்தது. உன் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவாவே வந்திருக்கலாமேப்பா" என்றாள். அவள் என்னை ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. அந்த ஒரு சொல்தான்.

அதன்பிறகு கார்த்திகையில் நீ வந்தாய். அப்போது உன்னையும் காய்ச்சல் பிடித்தது. கம்பளிக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தாய். நீ கொண்டுவந்திருந்த மாத்திரையில் உனக்குச் சரியாயிற்று. அப்போது என்னைச் சமாதானப்படுத்த நினைத்து, உன் வித்தையையே எடுத்து விளக்கினாய். மலையில் பிறந்து சிறு வயதில் காய்ச்சலோடு புரண்டு எழுந்தவன் இரத்தம் அதை ஓரளவு பழகிக்கொள்ளும்; வெள்ளணுக்கள் சட்டென்று அடையாளம் கண்டு பாயும்; அதனால்தான் நான் கிருமியை வைத்துக்கொண்டே மூட்டை சுமந்து திரிந்தேன் என்றாய். கீழேயிருந்து புதிதாக வருகிறவன் சுருண்டு விழுவதும் அதனால்தான். பிள்ளை தங்கிய பெண்ணுக்கு அந்தப் பழக்கம் தளர்ந்துபோகும் என்றாய். மலையை விட்டு வருஷக்கணக்கில் பட்டணத்தில் இருந்தவனுக்கு மறந்தேபோகும் என்றும் சொன்னாய். "அதானுங்கப்பா எனக்கு இப்படித் தூக்கி அடிச்சுது" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் இரத்தத்துக்கு நம் ஊர் மறந்துவிட்டது என்பதை நீயே உன் வாயால் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். அந்த இரத்தத்தோடு பர்மா எல்லைக் காட்டுக்குப் போகிறாய். அங்கேயும் இதே காய்ச்சல், இதைவிடக் கொடியது என்கிறார் ராவுத்தர். உன் அம்மா இதை இன்னும் அறியாள். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. தை மாதத்தில் உன் ஆபீசுக்கே போனேன். "பெரியவரே, உங்க மகனே பாத்துத்தானே கிருமி இல்லைன்னாரு?" என்றார்கள். நான் வெள்ளணு, கரி என்று ஆரம்பித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உக்காருங்க, மோர் குடிங்க" என்றார்கள். மோர் குடிக்கவா மலையிறங்கினேன்? நான் சொன்னால் அது கிழவன் பேச்சு. நீ சொன்னால் சாட்சி. வித்தியாசம் அவ்வளவுதான், அதற்காகத்தான் உன்னைப் படிக்க வைத்தோம். என்னிடத்திலும் தப்புகள் உண்டு, உன் அம்மாவைக் கேட்டால் பொழுது விடியும்வரை சொல்வாள். அவற்றுக்கு இது நேரமில்லை.

அந்தச் சில்லுகள் இன்னும் அதே மரப்பெட்டியில், அதே அலமாரியில் இருக்கின்றன. மோர் குடித்தபோது கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். வெயில் படாமல் வைத்தால் சாயம் வருஷக்கணக்கில் வெளுக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். எந்த ஊருக்குப் பெட்டி என்பதை வைகாசியில் திருத்தி எழுதுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீ புறப்படுவதும் வைகாசி கடைசியில்தான். ஆகவே கோபம் போதும். இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ: இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் ஆபீசுக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சில்லிலும் வெள்ளணுவைத் தேடிப் பார். கரி உள்ளது எது, இல்லாதது எது என்று உன் கையெழுத்தில் எழுதிக் கொடு. அவர்கள் கேள்வித் தாளில் அதற்கு இடம் இல்லையென்றால் தாளின் பின்பக்கத்தில் எழுது. உன் ஊர் என்பதையும் மறைக்காமல் எழுது.

உன் பெரிய டாக்டர்: அவர் நம்ப வேண்டாம். குழாயில் ஒருமுறை கண் வைத்தால் போதும். வைக்கமாட்டேன் என்றால், மாட்டேன் என்பதை எழுதிக் கொடுக்கட்டும்.

ஆபீஸ்காரர்கள்: பெட்டியை எடப்புளி நாட்டுக்கு, ஓடைக்கு மேல்பக்கம் வைக்க வேண்டும். புளியஞ்சோலைப் பெட்டியை எடுக்கக் கூடாது; அங்கேயும் ஜனங்கள் நடுங்குகிறார்கள்.

உன் மாமன்: அடுத்த தடவை இரத்தம் கேட்டு வந்தால் ஒருவரும் முன்கூட்டி விழுங்கக் கூடாது, பிள்ளைகளை ஒளிக்கக் கூடாது என்று அதே பலாமரத்தடியில் அவர் வாயால் சொல்ல வேண்டும். இதை அவரிடம் நானே கேட்டாயிற்று. "நீங்க சொல்லி நான் செய்யறதா மாப்ள?" என்றார். ஆகவே நீ ஒரு வரி எழுது. மருமகன் சொன்னால் செய்வார்.

ராவுத்தர்: பட்டணத்தில் எங்கேயாவது கொயினாப் பொட்டலம் கிடைத்தால் பாவாயி பேருக்கு எடுத்துவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

உன் அம்மா: பாவாயியை மழைக்கு முன்னால் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, பொழுது சாய்ந்தால் வேப்பிலைப் புகை போட்டு, கம்பளிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நடுக்கத்திலேயே எனக்குச் சொல்ல வேண்டும். பயந்துபோவேன் என்று மறைக்கக் கூடாது.

நான்: பெட்டி வந்தால் என் தலையில் சுமந்து மேலே கொண்டுவருவேன். வராவிட்டால் உன் ஆபீஸ் வாசலில் உட்காருவேன். மோர் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவை.

மறுபடியும் நீ: காட்டில் இருக்கும் வரை உன் மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கு. நடுக்கம் நின்றதும் நிறுத்தி மிச்சம் பிடிக்காதே. நம் ஊர்ப் பழக்கத்தில் அதை மட்டும் விட்டுவிடு.

பாவாயி: புரட்டாசியில் பெற்றுப் பிழைக்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, அவளுடைய வெள்ளணு. அது செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. கூப்பிடாமலே ஓடி, அணைத்து, விழுங்கி, செத்தும் விடாமல், கையைக்கூடக் கழுவாமல் அந்தக் கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கிறது, நீ வந்து குனிந்து பார்ப்பாய் என்று.

உன் அப்பன்